ஹார்ட் கொழந்தைக்கு சென்ட்ரல் லைன்: தயவுசெஞ்சு இதெல்லாம் பண்ணாதீங்க

கார்டியாக் ஐசியூவுக்கு புதுசா வர்றவங்க எல்லாம் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய வெயினுக்குள்ள விடற நீளக் குழாய், போடறப்ப நாங்க வந்த புதுசுல பண்ணதையே வரிசை மாறாம பண்றாங்க. கை கழுவு, கைடுவயரை (லைனுக்கு வழி காட்டற கம்பி) உள்ளேயே மறந்து விட்டுடாதே, இதெல்லாம் நான் சொல்லப்போறதில்ல, அது தெரியலன்னா லைன் பக்கமே வராதீங்க.

ரத்தம் கறுப்பா வந்தா வெயின்தான்னு நெனைக்கறது

ஆக்சிஜன் சாச்சுரேஷன் 75%ல இருக்கற நீலக் கொழந்தைக்கு ஆர்ட்டரி ரத்தமும் கறுப்பாத்தான் வரும். பிரஷர் மாட்டி வேவ்ஃபார்ம் பாத்து வெயின்தான்னு தெரிஞ்ச அப்புறமா டைலேட்டரை (ஓட்டையைப் பெருசாக்கற குழாய்) எடுங்க.

சிங்கிள் வென்ட்ரிக்கிள் கொழந்தைக்கு கழுத்துல லைன்

இதப் பாத்தா இன்னமும் எரிச்சலா வரும். ஒரு வென்ட்ரிக்கிள் (இதயத்தோட பம்ப் அறை) மட்டுமே ஒழுங்கா இருக்கற ட்ரைகஸ்பிட் அட்ரீசியா (வலது பக்க வால்வு உருவாகாதது) மாதிரி கேஸ்ல 4-6 மாசத்துல க்ளென் ஆபரேஷன் பண்ணுவாங்க, அதாவது தலையிலருந்தும் கையிலருந்தும் ரத்தம் கொண்டு வர்ற பெரிய வெயினான எஸ்விசியை நேரா நுரையீரல் ஆர்ட்டரில தச்சிருவாங்க, நடுவுல பம்ப் கெடையாது, ரத்தம் தானா போய்ச் சேரணும், அப்ப அந்தக் குழாய் எவ்ளோ முக்கியம்? ஆனா அல்ட்ராசவுண்ட்ல ஐஜே (கழுத்து வெயின்) பளிச்சுன்னு தெரியுதேன்னு அங்கயே குத்திடறாங்க. ஷண்ட் ஆபரேஷன் (நுரையீரலுக்கு ரத்தம் போக சின்னக் குழாய் வைக்கறது) முடிஞ்சு வெளியிலருந்து எங்ககிட்ட வந்த ஒரு பாப்பா, ஐனோட்ரோப் (இதயத்துக்கு பலம் குடுக்கற மருந்து) எல்லாம் நின்னு பாலும் குடிக்குது, பிளட் எடுக்க வசதியா இருக்கட்டும்னு கழுத்து லைனை மட்டும் விட்டு வச்சிருந்தாங்க. மொகம் உப்பிப்போய் கண்ணு சரியா தொறக்கல, அம்மா என்னடான்னா "பாப்பா சதை போட்டிருக்கு டாக்டர்"னு சந்தோஷமா சொல்றாங்க. நெஞ்சு ட்ரெயின்ல தெளிவா வந்துட்டிருந்தது பால் குடுத்ததும் வெள்ளையாயிடுச்சு. எக்கோல எஸ்விசி பூரா க்ளாட் (ரத்தக்கட்டி), அதான் மொகம் வீங்கினது, பால் கொழுப்பு கலந்த நெணநீரும் வடிய வழியில்லாம நெஞ்சுக்குள்ள கசிஞ்சது. ரத்தம் உறையாம இருக்க ஹெப்பரின் ஓட்டினோம், க்ளென் தள்ளிப்போச்சு.

முடிஞ்சவரைக்கும் தொடையில போடுங்க, பொறந்த கொழந்தைன்னா தொப்புள்ல. அதுக்காக தொடையில போட்டுட்டு மறந்துடாதீங்க, அதுவும் அடைச்சா நாளைக்கு கேத் (வெயின் வழியா இதயத்துக்குக் குழாய் விட்டுப் பாக்கறது) பண்ண வழி இருக்காது. தினமும் ரவுண்ட்ஸ்ல "இந்த லைன் இன்னைக்கு எதுக்கு"ன்னு கேளுங்க. பிளட் எடுக்கங்கறது பதிலே இல்ல.

காத்துக் குமிழி

ரைட் டு லெஃப்ட் ஷண்ட் (இதயத்தோட வலதுலருந்து இடதுக்கு ரத்தம் நேரா தாண்டறது) இருந்தா குட்டிக் குமிழி கூட மூளைக்குப் போயிடும். சிரிஞ்ச், த்ரீ வே (மூணு வழித் திருகு) எல்லாத்தையும் தட்டிப் பாருங்க.

ஹப் தொடைக்கறது

லைன்ல சிரிஞ்ச் மாட்டற வாய்தான் ஹப், அதைத் தேய்க்க 15 செகண்ட். சும்மா ஒத்தி எடுக்கறது கணக்குல வராது.

லைன் நுனி ஏட்ரியத்துக்குள்ள (இதயத்தோட மேலறை) கெடக்கறது

எக்ஸ்ரே பாத்து பின்னால இழுங்க. லைன் இருக்கற கொழந்தை திடீர்னு கொலாப்ஸ் ஆச்சுன்னா டாம்போனாடை (இதயத்தைச் சுத்தி நீர் சேந்து அதை அமுக்கறது) மறக்காதீங்க, உடனே எக்கோ.

எக்ஸ்ரேல லைன் இடது பக்கமா எறங்குது

ஆர்ட்டரின்னு பதறிப் புடுங்காதீங்க. இந்தக் கொழந்தைங்களுக்கு இடது எஸ்விசி இருக்கறது சகஜம், பிரஷர் பாருங்க, எக்கோ ரிப்போர்ட்டைப் படிங்க.