பால்சா கிட்டில் முதல் ஆர்சி விமானம்: இறக்கை முறுக்காமல் கட்டும் வழி

இங்கே எடுத்துக்கொண்டது, லேசான பால்சா மரத்தில் கட்டி ரேடியோவால் இயக்கும் (ஆர்சி) ஒரு மேலிறக்கை ட்ரெய்னர், அதாவது இறக்கை உடலின் மேலே இருக்கும் பழகு விமானம். இறக்கை நீளம் 1200 மி.மீ., அகலம் 200 மி.மீ., அடிப்பக்கம் பெரும்பாலும் தட்டை, பறக்கும் எடை சுமார் 900 கிராம். இறக்கையின் சதுர டெசிமீட்டருக்கு 37.5 கிராம் சுமைதான் வருவதால் மெதுவாகவே மிதக்கும். போர் விமான மாடல்கள் பார்க்க அழகு. முதல் கிட்டாக அவற்றை வாங்காதீர்கள்.

கிட் பெட்டியில் பெரும்பாலும் மரமும் வரைபடமும் மட்டுமே இருக்கும். மற்றவை தனியே: 2212 அளவு, 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 10 அங்குல ப்ரொப்பெல்லர், 3 செல் 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி, 9 கிராம் சர்வோ (அசையும் பட்டைகளைத் திருப்பும் சிறு மோட்டார்) நான்கு, ரேடியோ, ரிசீவர், கவரிங் ஃபிலிம் (சூட்டில் ஒட்டி இறுகும் மேலுறை) 2 மீட்டர்.

பசையில் பலரும் எல்லாவற்றுக்கும் சூப்பர் க்ளூவையே பிடித்துக்கொள்கிறார்கள். அது ஈரப்பதத்தில் இறுகும் பசை. நம் கடலோர ஊர்களில் ரிப்பை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டு) நேராக்குவதற்குள் பிடித்துவிடும். இறக்கைக்குத் தண்ணீர் தாங்கும் வெள்ளை மரப்பசையே மேல். திருத்தப் பத்து நிமிடமாவது கிடைக்கும், காய்ந்தபின் உப்புத்தாளில் சீராகத் தேயும். மோட்டார் பொருத்தும் ப்ளைவுட் தட்டு, இறக்கைகளின் நடு இணைப்பு, இவ்விரண்டுக்கும் 30 நிமிட எப்பாக்ஸி (இரண்டு கூறுகளைக் கலந்து பூசும் பசை). ஐந்து நிமிட எப்பாக்ஸியை இந்த இடங்களில் நம்ப வேண்டாம்.

1. பலகை

நேரான ப்ளஷ் டோர் துண்டு ஒன்று போதும். குண்டூசி இறங்க, மேலே சாஃப்ட் போர்டு ஒட்டுங்கள். இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வேறு பலகை. அதன்மேல் வரைபடம், வரைபடத்தின் மேல் பாலித்தீன் தாள்.

வரைபடத்தில் ஒரு பாதி இறக்கை மட்டும் இருந்தால் தாளில் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். கோடுகள் பின்பக்கம் தெரியும், திருப்பிப் போட்டு மறுபாதியைக் கட்டலாம். இதை மறந்தால் கையில் இரண்டு இடது இறக்கை இருக்கும்.

2. இறக்கை

கீழ் ஸ்பாரை (இறக்கையின் நீளவாட்டில் ஓடும் மரச்சட்டம்) ஊசியால் நிறுத்தி, ரிப்புகளை மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக ஒட்டி, மேல் ஸ்பார், முன்விளிம்பு, பின்விளிம்பு என்று போவது எல்லாக் கிட்டுக்கும் பொது. சிக்கல் இதற்குப் பிறகுதான் வரும்.

முதல் தவறு, முன்விளிம்பைப் பலகையோடு அழுத்தி ஊசி குத்துவது. ரிப்பின் அடிப்பக்கம் பின்பாதியில்தான் தட்டை. முன்னால் மேல்நோக்கி வளையும். முன்விளிம்பு பலகையிலிருந்து சில மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். ரிப்பில் அதற்கான கால் (பலகையில் ஊன்றும் நீட்டல்) இருந்தால் கடைசிவரை வெட்டாதீர்கள். இல்லையென்றால் கழிவுப் பால்சாவில் ஒரே உயரத்துக்குத் துண்டுகள் வெட்டி முட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது, சீக்கிரம் பலகையிலிருந்து எடுத்துவிடுவது. ரிப்பும் ஸ்பாரும் மட்டும் இருக்கும்போது இறக்கை ஓர் ஏணி மாதிரி, எந்தப் பக்கமும் முறுகும். மேல், கீழ் ஸ்பார்களுக்கு நடுவே வெப் (இரண்டையும் இணைக்கும் பால்சாத் துண்டு) வைத்து, முன்பகுதியின் மேலும் கீழும் 1.5 மி.மீ. பால்சா ஷீட் போட்டு மூடிய பிறகு அது குழாய் ஆகிவிடும். குழாய் ஆன நேரத்தில் என்ன முறுக்கு இருந்ததோ அது அப்படியே நிலைத்துவிடும், பிறகு திருத்துவது கடினம். எனவே வெப்பும் மேல் ஷீட்டும் காயும்வரை, ஒரு ராத்திரி முழுவதும், ஊசியை எடுக்கக் கூடாது. வெப் துண்டின் இழை செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கையாக வைத்தால் பளுவில் பிளக்கும்.

முறுக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஒரு நுனியின் பின்விளிம்பு 4 மி.மீ. தாழ்ந்தாலே அந்தப் பக்கம் கோணம் ஒரு டிகிரிக்கு மேல் கூடுகிறது. வேகத்தில் எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பட்டை) ட்ரிம், அதாவது ரேடியோவில் செய்யும் சிறு திருத்தம், அதை மறைத்துவிடும். இறங்க வேகம் குறையும்போது அதே நுனி முதலில் ஸ்டால் ஆகி (தூக்கும் விசையை இழந்து), தரைக்குப் பக்கத்தில் விமானம் கவிழும். ரேடியோ கோளாறு என்று பழி சொல்லப்படுவதில் பல இதுதான்.

வரைபடம் கேட்டால் இரண்டு நுனியிலும் பின்விளிம்புக்கு அடியில் 3 மி.மீ. பட்டை வையுங்கள். நுனி கடைசியாக ஸ்டால் ஆகும். இரு பக்கமும் ஒரே கனம் இருந்தால்தான் பலன்.

3. இரு பாதியையும் சேர்த்தல்

இரு பாதியும் நடுவிலிருந்து நுனிக்கு மேல்நோக்கிச் சாய வேண்டும். வரைபடத்தில் "நுனி 60 மி.மீ. உயர்வு" என்று இருந்தால், பெரும்பாலும் ஒரு பாதியைப் படுக்கவைத்து மறுபாதி நுனியை மட்டும் 60 உயர்த்தச் சொல்கிறார்கள். இரண்டையும் 60 உயர்த்தினால் சாய்வு இருமடங்கு. நடு ப்ளைவுட் துண்டும் பொருந்தாது. அந்தத் துண்டின் கோணத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் பசை கலக்குங்கள்.

4. உடலும் வாலும்

உடல் பெட்டிதான், பக்கப் பலகைகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருந்தால் போதும். வால் மோட்டாரைவிட மூன்று மடங்கு தூரத்தில் இருப்பதால், அங்கே கூடும் 5 கிராமுக்கு மூக்கில் 15 கிராம் ஈயம் வேண்டியிருக்கும். கிட்டில் இருப்பதில் லேசான மரத்தை வாலுக்கு ஒதுக்குங்கள்.

மோட்டார் 2 டிகிரி கீழும் 2 டிகிரி வலமும் பார்க்க வேண்டும். திருகுகளுக்கு நடுவே 25 மி.மீ. என்றால் 1 மி.மீ. வாஷர் ஏறத்தாழ அதைத் தரும். கீழே சாய மேல் திருகுகளுக்குப் பின்னால், வலம் திரும்ப இடது திருகுகளுக்குப் பின்னால். இடம், வலம் எல்லாம் பைலட் இருக்கையிலிருந்து பார்த்து.

5. கவரிங்

240, பிறகு 400 உப்புத்தாள். முதலில் அடிப்பக்கம், பின் மேல்பக்கம். சூடு ஃபிலிம் உறையில் போட்டிருக்கும் அளவுதான். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். ஃபிலிமே இறக்கையை முறுக்கிவிடும். மேல் கொஞ்சம், கீழ் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். லேசான முறுக்கு மிஞ்சினால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கிப் பிடித்து, ஒருவர் சூடு காட்ட, ஆறும்வரை விடாமல் இருங்கள்.

6. ரேடியோ

ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்டிக்கை வலம் தள்ளினால் வலது எய்லரான் மேலே போக வேண்டும். எய்லரான் மேல் 10, கீழ் 6, எலிவேட்டர் (கிடைவால் பட்டை) 10, ரட்டர் (நிமிர்ந்த வால் பட்டை) 20 மி.மீ. எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம். சில ரேடியோவில் மென்மைக்குக் கூட்டல் எண், சிலவற்றில் கழித்தல். மாற்றிப் போட்டால் நடுவிலேயே வெடுக்கென்று துள்ளும். ரேடியோவை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள்.

7. ஈர்ப்பு மையம்

பேட்டரி உட்பட எல்லாம் பொருத்தி, முன்விளிம்பிலிருந்து 55 மி.மீ. பின்னால் இரு விரலில் தாங்குங்கள். மூக்கு துளி தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள், ஈயம் கடைசி வழி. 60-க்குப் பின்னால் மையம் போனால் பறக்க விட வேண்டாம்.

பிற்சேர்க்கை: சரியாக இருந்த இறக்கை மைதானத்தில் முறுகிப்போகிறது என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் வெயிலில் மூடிக் கிடந்த கார். ஃபிலிம் தளர்ந்து மறுபடி இழுக்கும். அடர்ந்த நிறங்களில் இன்னும் மோசம். பழைய போர்வை சுற்றிக் கொண்டுபோங்கள், பறக்கும் முன் பின்னால் பத்தடி தள்ளி நின்று இரண்டு நுனியையும் ஒருமுறை பாருங்கள். லைப்போவையும் அந்தக் காரில் விட்டுவைக்காதீர்கள்.