பரிமாற்றத் திட்டத்தில் சென்று வந்தவர்கள் ஊர்ப் பணிக்கு நல்கை பெறும் வழி

ஃபுல்பிரைட் உதவித்தொகையிலோ, ஹம்ஃப்ரி திட்டத்திலோ, ஐ.வி.எல்.பி. எனப்படும் குறுகிய காலப் பார்வையாளர் திட்டத்திலோ, பள்ளி மாணவர்களுக்கான கென்னடி-லூகர் யெஸ் திட்டத்திலோ அமெரிக்கா சென்று திரும்பியவர்கள் தமிழ்நாட்டில் பலர் இருக்கிறார்கள். அங்கே கற்றதை ஊருக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கிறது. அந்த எண்ணத்துக்கென்றே அமெரிக்க வெளியுறவுத் துறை 2011-ஆம் ஆண்டில் ஒரு நிதியைத் தொடங்கியது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 'அலும்னி எங்கேஜ்மென்ட் இன்னொவேஷன் ஃபண்ட்' என்பது அதன் பெயர், ஏ.இ.ஐ.எஃப். என்று சுருக்கிச் சொல்வார்கள். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் ஒரு திட்டத்துக்கு 5,000 முதல் 35,000 டாலர் வரை கேட்கலாம் என்று இருந்தது. கருப்பொருள், தொகை, கடைசித் தேதி ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். சென்ற ஆண்டு விண்ணப்பித்த நண்பரின் படிவத்தைப் பார்த்து எழுதுவது போதாது.

பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை பெற்றவர்களுக்கும், ஆஸ்திரேலிய அரசின் உதவித்தொகையில் படித்தவர்களுக்கும் இதைப் போன்ற சிறு நிதிகள் உண்டு. விதிகள் வேறாயினும், கீழே சொல்லப்படுவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

யார் விண்ணப்பிக்கலாம்?

அமெரிக்க அரசின் நிதியில் நடந்த பரிமாற்றத் திட்டம் ஒன்றில் பங்கேற்றவராக இருக்க வேண்டும். தனி ஆளாக விண்ணப்பிக்க இயலாது. குழுவில் குறைந்தது இரண்டு முன்னாள் பங்கேற்பாளர்களாவது தேவை. இருவரும் ஒரே திட்டத்தில் சென்றவர்களாகவோ ஒரே நாட்டினராகவோ இருக்க வேண்டியதில்லை. மதுரையில் இருக்கும் ஃபுல்பிரைட் பேராசிரியரும் கொழும்பில் இருக்கும் ஐ.வி.எல்.பி. பங்கேற்பாளரும் சேர்ந்து ஒரு குழு அமைக்க அறிவிப்பு இடம் தருகிறது. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் குழுவில் இருக்கலாம், ஆனால் அவர் பெயரில் விண்ணப்பம் போகக் கூடாது. அவர்களுக்கென்று 'சிட்டிசன் டிப்ளமசி ஆக்‌ஷன் ஃபண்ட்' என்ற வேறொரு நிதி இருக்கிறது.

தொண்டு நிறுவனமோ கல்லூரியோ தன் பெயரில் விண்ணப்பிக்க முடியாது. கூட்டாளியாக நின்று பணியை நடத்தித் தரலாம். இந்த விதியின் உட்பொருளைப் புரிந்துகொள்வது நல்லது. நிதி கொடுப்பவர்கள் தேடுவது சென்று வந்த மனிதர்களையே. அவர்களைப் பெயருக்கு முன்னால் நிறுத்திவிட்டு, நிறுவனம் எப்போதும் செய்துவரும் வேலையைப் புதிய அட்டை போட்டுக் காட்டினால் மதிப்பீட்டாளர் எளிதில் கண்டுகொள்வார்.

முதலில் பணம் வரும் வழி

திட்டத்தை எழுதுவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பணம் வந்தால் அது யாருடைய கணக்கில் சேரும்? இந்தியாவில் இந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளியவர்கள், நல்ல திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டு அரசிடமிருந்து வரும் நல்கை, 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ் வருகிறது. கல்வி, பொருளாதாரம், பண்பாடு, சமயம், சமூகப் பணி ஆகியவற்றில் திட்டவட்டமான செயல்திட்டம் உடையவர் எவரும் உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அத்தகைய பணத்தைப் பெறக் கூடாது. பதிவு பெற, நிறுவனம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் தன் பணிகளுக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும் என்பது 2020-இல் திருத்தப்பட்ட விதி. நேற்றுத் தொடங்கிய அறக்கட்டளைக்கு இது எட்டாது. குறிப்பிட்ட கொடையாளரிடமிருந்து, குறிப்பிட்ட தொகையை, குறிப்பிட்ட பணிக்காகப் பெற முன் அனுமதி கேட்கும் வழியும் உண்டு. ஆனால் அதற்குக் கொடையாளரின் ஒப்புதல் கடிதம் வேண்டும், காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். எந்த வழியானாலும் பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்குதான்.

ஆகவே நடைமுறையில் பலருக்குப் பொருந்தும் வழி, ஏற்கெனவே பதிவு பெற்று, ஆண்டுதோறும் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்துவரும் ஒரு தொண்டு நிறுவனத்தைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வதே. அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணத்தைப் பெற்ற நிறுவனம் அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. 'பணம் உங்கள் கணக்கில் வரட்டும், பிறகு எங்கள் சிறிய அறக்கட்டளைக்கு அனுப்பிவிடுங்கள்' என்ற ஏற்பாடு சட்டத்துக்கு மாறானது. பணம் பெறும் நிறுவனமே நேரடியாகச் செலவிட வேண்டும்: பயிற்றுநருக்கு அதுவே ஊதியம் தர வேண்டும், அச்சகத்துக்கு அதுவே பணம் கட்ட வேண்டும். நிர்வாகச் செலவும் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது.

இன்னொன்று: அரசு ஊழியரும், அரசுக்குச் சொந்தமான அமைப்புகளின் ஊழியரும் வெளிநாட்டுப் பங்களிப்பைப் பெறுவதை இதே சட்டம் தடை செய்கிறது, செய்தியாளர்களுக்கும் அந்தத் தடை உண்டு. பரிமாற்றத் திட்டங்களில் சென்று வந்தவர்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் நிருபர்களும் கணிசமாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களின் அறிவும் உழைப்பும் திட்டத்துக்குத் தேவை. பணம் மட்டும் அவர்கள் கைக்கு எந்த வடிவிலும் போகாதபடி அமைக்க வேண்டும், ஆசிரியர் தம் துறையின் அனுமதியையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம் ஆகியவை சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகின்றன. அங்கே முன்னாள் பங்கேற்பாளர்களைக் கவனிக்கும் அலுவலரிடம், 'இன்ன நிறுவனம் பணத்தைப் பெறும், இன்னார் வழிநடத்துவார், இது உங்களுக்கு ஏற்புடையதா?' என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். இந்தச் சட்டத்தில் பழக்கமுள்ள ஒரு பட்டயக் கணக்காளரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதும் அவசியம். இலங்கை வாசகர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் இதே கேள்வியைக் கொழும்புத் தூதரகத்திடம் இதே வேளையில் கேட்க வேண்டும்.

எதற்குக் கிடைக்காது?

விலக்குப் பட்டியல் நீளமானது. அலுவலக வாடகை, நிரந்தரப் பணியாளர் சம்பளம், கட்டுமானம், பெரிய கருவிகள், அமெரிக்காவுக்குப் போய்வரும் விமானக் கட்டணம், தனிநபர் உதவித்தொகை, பரிசுப் பொருள்கள், அறிவியல் ஆய்வு, சமயப் பணி, கட்சி அரசியல், லாப நோக்குள்ள தொழில், நிதி திரட்டும் விழா ஆகியவற்றுக்கு இடமில்லை. நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இன்னொரு விலக்கில்: நேரடித் தருமமும் நேரடிச் சமூக சேவையும்கூட இதில் சேராது. அரிசி கொடுப்பது, சக்கர நாற்காலி வழங்குவது, கண் சிகிச்சை முகாம் நடத்துவது எல்லாம் நல்ல காரியங்கள்தாம். இந்த நிதி அவற்றுக்கானது அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வரைவு என்னிடம் வந்தது. கடலோர ஊர் ஒன்றில் கருவாடு காயவைத்து விற்கும் பெண்களுக்காக இரண்டு முன்னாள் பங்கேற்பாளர்கள் எழுதியது. பன்னிரண்டு குடும்பங்களுக்குப் பன்னிரண்டு சூரிய உலர்த்திகள் வாங்கித் தருவது அவர்கள் எண்ணம். அந்தப் பெண்கள் மீனை மணலிலேயே பரப்பிக் காயவைக்கிறார்கள், மழை வந்தால் அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள், மணல் ஒட்டிய கருவாட்டை வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார் என்றெல்லாம் தேவையை உள்ளபடி எழுதியிருந்தார்கள். ஆனால் அது பொருள் வழங்கும் திட்டம். அப்படியே அனுப்பியிருந்தால் முதல் சல்லடையிலேயே நின்றிருக்கும்.

மூன்று மாலைகள் உட்கார்ந்து அதை மாற்றி எழுதினோம். இருபத்து நான்கு பெண்களுக்கு ஆறு நாள் பயிற்சி: பரண் கட்டிக் காயவைப்பது, உப்பின் அளவு, உறையிடுதல், உணவுப் பாதுகாப்புப் பதிவு, தினக் கணக்கு எழுதுதல். செய்துகாட்டுவதற்காக இரண்டு உலர்த்திகள் மட்டும். பயிற்சி முடிந்ததும் அவை மகளிர் குழுவின் பொதுப் பயன்பாட்டில் இருக்கும். பயிற்சி பெற்றவர்களில் ஆறு பேர் பக்கத்து ஊர்களுக்குப் போய்க் கற்றுத்தருவார்கள். தேவை அதேதான். பணம் போகும் இடம் மட்டும் பொருளிலிருந்து திறனுக்கு மாறியது.

விண்ணப்பத்தை எழுதுதல்

மதிப்பீட்டாளர்கள் பொதுவாகப் பார்ப்பவை: நோக்கமும் செயல்திட்டமும், முன்னாள் பங்கேற்பாளர்களின் பங்கு, உள்ளூர்க் கூட்டாளிகளின் ஆதரவு, விளைவை அளக்கும் முறை, செய்தியைப் பரப்பும் திட்டம், வரவுசெலவு. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆயினும் முதல் வரைவைத் தமிழில் எழுதி, பயன்பெறப் போகும் ஊர்க்காரர்களுக்கு வாசித்துக்காட்டச் சொல்வேன். அவர்கள் 'இது எங்களுக்கு ஒத்துவராது' என்று சொல்லும் இடங்களை அப்போதே திருத்திவிடலாம். மேற்சொன்ன திட்டத்தில், பயிற்சியைக் காலை பத்து மணிக்கு வைத்திருந்ததைக் கேட்டு ஒரு பெண், அந்த நேரத்தில் தாங்கள் ஏலக்கூடத்தில் நிற்போம் என்றார். பயிற்சி பிற்பகலுக்கு மாறியது.

முன்னாள் பங்கேற்பாளர்களின் பங்கை எழுதும்போது 'அனைவரும் இணைந்து பணியாற்றுவார்கள்' என்ற வரியால் பயனில்லை. இன்னார் இன்ன திட்டத்தில் இன்ன துறையைக் கற்றார், இந்தத் திட்டத்தில் இன்ன வாரங்களில் இன்ன வேலையைச் செய்வார் என்று ஆளுக்கொரு பத்தி வேண்டும். கூட்டாளிகளின் ஆதரவுக் கடிதத்திலும் வாழ்த்து மட்டும் இருந்தால் எடை குறைவு. ஊராட்சி மன்றம் கூடத்தை ஆறு நாள் கட்டணமின்றித் தரும், கல்லூரி இரண்டு விரிவுரையாளர்களை அனுப்பும் என்று தருவதைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்கக் கொடிச் சின்னத்தை விளம்பரப் பதாகையில் இடவேண்டிய விதியும் உண்டு. உள்ளூர்ச் சூழலில் அது சங்கடம் தரும் என்றால் தூதரக அலுவலரிடம் முன்பே பேசுங்கள்.

விளைவை அளப்பதில்தான் பெரும்பாலான வரைவுகள் தளர்கின்றன. 'விழிப்புணர்வு பெருகும்' என்பதை யாராலும் எண்ணிப்பார்க்க முடியாது. இருபத்து நான்கு பேரில் இன்று தினக் கணக்கு எழுதுபவர் எத்தனை பேர், பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் என்பதை நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தே எண்ணிவிடலாம். பயிற்சிக்கு முன்பே அந்த முதல் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். பிறகு நினைவிலிருந்து எழுதினால் ஒப்பிட எதுவும் இருக்காது.

வரவுசெலவில் ஒவ்வொரு தொகையும் எப்படி வந்தது என்று தெரிய வேண்டும். 'உணவு: 25,200 ரூபாய்' என்று எழுதினால் கேள்வி வரும். '24 பங்கேற்பாளர், 2 பயிற்றுநர், 2 ஒருங்கிணைப்பாளர், ஆக 28 பேர், 6 நாள், ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 ரூபாய்' என்று எழுதினால் அதே தொகைக்குக் கேள்வி வராது. அமெரிக்க விதிகளில் 'கருவி' என்ற தலைப்பு, ஓர் அலகின் விலை 5,000 டாலரோ அதற்கு மேலோ உள்ளவற்றுக்கே இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் அந்த வரம்பு 10,000 டாலராயிற்று. எனவே மடிக்கணினியும் சிறிய உலர்த்தியும் 'பொருள்கள்' என்ற தலைப்பில் வர வேண்டும். ரூபாயில் கணக்கிட்டு டாலராக மாற்றும்போது, எந்தத் தேதியின் மாற்று விகிதம் என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

கால அளவு

அமெரிக்க அரசின் நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. ஒப்பந்தங்கள் அதற்குள் கையெழுத்தாக வேண்டும் என்பதால் தேர்வு முழுவதும் அந்தத் தேதியை நோக்கியே நகரும். குழுவைச் சேர்ப்பதும் கூட்டாளி நிறுவனத்தின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதும் அறிவிப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலைகள். பங்கேற்புச் சான்றிதழையும் தேடி எடுத்துவையுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் சென்றவர்களுக்கு அதுவே பெரிய தேடலாகிவிடுகிறது.

அரசுப் பணம் கொள்கை மாற்றத்தால் தடைபடக் கூடும் என்பதையும் திட்டத்துக்குள்ளேயே எண்ணிக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் வெளிநாட்டு வளர்ச்சி உதவிகள் இடைநிறுத்தப்பட்டன. அடுத்த மாதமே பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதி விடுவிப்பும் தடைபட்டது. நடுவழியில் நின்றவர்களின் நிலை வருத்தத்துக்குரியது. ஆகையால் பணியை மூன்று கட்டங்களாகப் பிரித்து, முதல் கட்டத்தோடு நின்றாலும் ஊருக்கு ஏதோ ஒன்று முழுமையாக மிஞ்சும்படி அமைப்பதே நியாயம். ஒப்பந்தம் கையில் வரும் வரை ஊர்க்காரர்களுக்கு எதையும் வாக்களிக்கக் கூடாது.

நல்கை கிடைத்த பிறகு

ஒப்பந்தத்தில் குறித்த தொடக்க நாளுக்கு முன் செய்த செலவு ஏற்கப்படாது. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற வேண்டுமென்றால், செய்வதற்கு முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். ஆறு நாளுக்கும் சேர்த்துக் கடைசி நாளில் வாங்கிய பதிவேடு ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் தந்தால் ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் வில்லை ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இயன்றவரை வங்கி வழியாகவே கொடுங்கள். இறுதி அறிக்கை அளித்த பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. பணம் பெற்ற நிறுவனம் உள்துறை அமைச்சகத்துக்கு அளிக்கும் எஃப்.சி.-4 ஆண்டறிக்கையின் கடைசித் தேதி டிசம்பர் 31. அந்தத் தேதிக்குள் உங்கள் திட்டத்தின் செலவுக் கணக்கும் ரசீதுகளின் படிகளும் அவர்கள் கையில் இருந்தாக வேண்டும்.