பிள்ளைகளோடு கேரவன் பயணமா? முதல் ராத்திரியைத் தோட்டத்துக் களத்தில் தொடங்குங்கள்

எங்கள் பக்கம் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் சமாச்சாரம். பொள்ளாச்சியும் கோபியும் படப்பிடிப்புக்குப் பேர்போன ஊர்கள். சாலையோரம் ஒரு கேரவன் நின்றால் போதும், நாலு பேர் கூடிவிடுவார்கள். திருப்பூரிலிருந்து நாங்கள் முதல்முறை கிளம்பியபோது காங்கேயம் போகிற வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். ஒரு பாட்டி கதவருகே வந்து, “ஏங் கண்ணு, உள்ள எந்த நடிகரு இருக்காரு?” என்றார். மூக்கொழுகியபடி எட்டிப் பார்த்தது என் ஐந்து வயது மகன். பாட்டிக்குப் பெரிய ஏமாற்றம்.

அதற்குப் பிறகு ஐந்தாறு முறை போய்விட்டோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை, இதுவரை போகாதவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊட்டியில் ஆரம்பிக்காதீர்கள். சொந்தக்காரர் தோட்டத்தில் ஆரம்பியுங்கள்.

1. வண்டியை வாடகைக்கு எடுங்கள்

சொந்தமாக வாங்குகிற யோசனை இருந்தாலும் முதல் இரண்டு பயணம் வாடகை வண்டியில்தான் போகவேண்டும். வாடகைக் கேரவன் பெரும்பாலும் டிரைவரோடுதான் வரும். இங்கே எல்லோரும் மறக்கிற ஒரு கேள்வி: ராத்திரி டிரைவர் அண்ணன் எங்கே படுப்பார்? உள்ளே நான்கு படுக்கைதான் இருக்கும், அதில் நாம் நான்கு பேர். போகிற இடத்தில் அவருக்கு ஒரு கட்டில், மின்விசிறி, கழிப்பறை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். நாங்கள் முதல் தடவை இதை யோசிக்கவில்லை. அவர் ஸ்டியரிங் பக்கத்து சீட்டில் மடங்கிப் படுத்ததைப் பார்த்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

வண்டியைப் பார்க்கப் போகும்போது சோபாவையும் டிவியையும் பார்த்து மயங்காமல் சீட் பெல்ட்டை எண்ணுங்கள். எத்தனை பேர் போகிறோமோ அத்தனை பெல்ட், அதுவும் முன்பக்கம் பார்த்த சீட்டில். பக்கவாட்டு சோபாவும் மெத்தையும் வண்டி நின்ற பிறகுதான். ஓடுகிற வண்டியில் பிள்ளைகளை மெத்தையில் படுக்கவைப்பது பார்க்க வசதியாகத் தெரியும். ஒரு பிரேக் அடித்தால் பிடிக்க ஆளில்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட் இல்லாமல் கூட்டிப்போனால் மோட்டார் வாகனச் சட்டப்படி 1000 ரூபாய் அபராதமும் உண்டு.

இருக்கிற வேனையே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கரூர் பக்கம் பஸ் பாடி கட்டும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன, வேலையும் சுத்தமாக இருக்கும். ஆனால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, ஆர்.சி.யில் மாற்றம் ஏறும்படி செய்யுங்கள். ஏறாவிட்டால் இன்சூரன்ஸ் கேட்கிற நாளில் சிக்கல்.

2. இடம்: களத்தைவிட நல்ல இடம் கிடையாது

வெளிநாட்டு வீடியோக்களில் கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் எல்லாம் இருக்கிற கேரவன் மைதானங்களைக் காட்டுவார்கள். நம் பக்கம் அப்படி வழிநெடுகக் கிடைக்காது. அணைக்கட்டு ஓரத்திலோ காட்டோரத்திலோ நிறுத்தி ராத்திரி தங்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். ஆழியாறு, அமராவதி எல்லாம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடங்கள். பொழுது சாய்ந்தால் யானை நடக்கிற வழி.

நமக்கு இருப்பது தோட்டத்துக் களம். சிமெண்ட் தரை, சமமட்டம், பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி, கூப்பிடு தூரத்தில் சாளை, அதாவது தோட்டத்து வீடு. காங்கேயம் பக்கம் தேங்காய்ப் பருப்பு காயப்போடும் உலர்களங்கள் இன்னும் விஸ்தாரம். பருப்பு காய்கிற நேரமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர் தோட்டம் என்றால் பெரிய இடைஞ்சல் ஒன்று உண்டு: உபசாரம். எங்கள் வீட்டுக்காரரின் பெரியம்மா, “வீடு இருக்கறப்ப ஒறம்பரைய வண்டியில படுக்க வெச்சா ஊரு என்னங் கண்ணு சொல்லும்?” என்று கேட்டு, கட்டிலை எடுத்துப் போட்டுவிட்டார். அன்று கேரவன் வெறும் அலமாரியாக நின்றது. அதனால் போன் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: ஒருவேளைச் சாப்பாடு உங்கள் வீட்டில், தூக்கம் வண்டியில். அப்படிப் பேசிவைத்த பிறகு பெரியம்மாவும் சமாதானமாகிவிட்டார்.

நிறுத்தும்போது கவனிக்க மூன்று விஷயம். தென்னைக்கு அடியில் நிறுத்தக் கூடாது. நிழல் நன்றாகத்தான் இருக்கும், ராத்திரி ஒரு மட்டையோ நெற்றோ விழுந்தால் கூரை போய்விடும். உழுத காட்டுக்குள்ளோ மழைக்குப் பிறகு கரிசல் மண்ணிலோ இறக்கக் கூடாது, அப்புறம் டிராக்டர்தான் வரவேண்டும். மூன்றாவது, மட்டம். கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று வாங்கி வண்டியிலேயே போட்டுவையுங்கள். சாய்வாக இருந்தால் தாழ்ந்த பக்கச் சக்கரத்தைத் தடிமனான பலகையில் ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

3. கோலமாவுக் கோடு

வண்டி நின்று சாவியை எடுத்த பிறகு, இறங்கியவுடன் நான் செய்கிற முதல் வேலை இது. வண்டியைச் சுற்றிக் கோலமாவில் ஒரு பெரிய கோடு. அதைத் தாண்டுவதென்றால் பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும்.

காரணம், கிணறு. நம் தோட்டங்களில் கைப்பிடிச் சுவரே இல்லாத கிணறுகள் இன்னும் இருக்கின்றன. சுற்றிலும் செடி மண்டி, பக்கத்தில் போகும்வரை தெரியாது. போனதும் தோட்டத்துக்காரரைக் கூட்டிக்கொண்டு கிணறு, மூடாத போர்க்குழி, மோட்டார் ஒயர், கட்டிப்போட்ட நாய் நான்கையும் பிள்ளைகளுக்கே நேரில் காட்டிவிடுங்கள். ஒளித்து வைத்தால் தேடிப் போவார்கள். வாய்க்கால் இன்னும் மோசம். கீழ்பவானியோ, பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலோ, தண்ணீர் விட்டிருக்கும் காலத்தில் மேலே அமைதியாகத் தெரியும், உள்ளே இழுவை பலமாக இருக்கும். பிள்ளைகளை வாய்க்காலில் குளிக்கவிடுவதில்லை என்பதில் நான் கறார். தொட்டியில் தண்ணீர் விழும்போது இடுப்பளவில் ஆடட்டும், ஒரு பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இருட்டினால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் யாரும் படி இறங்கக் கூடாது. பூச்சி பொட்டு நடமாடுகிற இடம்.

4. தண்ணீர்க் கணக்கு

ஒரு லிட்டர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் இன்னொரு பெரிய ஆளையும் ஒரு பிள்ளையையும் ஏற்றினதுபோல. அதனால் தோட்டத்துக்குப் போகிறோம் என்றால் பாதித் தொட்டியோடு கிளம்பி, அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் ஒன்று தனியாக. நம் பக்கத்து ஆயிரமடி போர்த்தண்ணீர் பல இடங்களில் உப்பு. பருப்பு வேகாது, பிள்ளைகளும் குடிக்க மாட்டார்கள்.

உள்ளே ஷவர் இருக்கிறது என்று பிள்ளைகள் துள்ளுவார்கள். திறந்துவிட்டால் நான்கு பேருக்கு ஒரே குளியலில் தொட்டி காலி. குளியல் வெளியே வாளியில். வண்டித் தண்ணீர் முகம் கழுவ, பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீர் தனித் தொட்டியில் சேரும். தோட்டத்துக்காரரைக் கேட்டுவிட்டு வாழைக்கோ தென்னைக்கோ விடலாம், வீட்டில் செய்வதுதானே.

கழிப்பறைப் பெட்டி வேறு கதை. கழற்றி எடுக்கிற மாதிரிப் பெட்டி ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். நான்கு பேருக்கு இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. நிரம்பும் முன்பே எடுத்துப்போய் வீட்டுக் கழிப்பறையில் ஊற்றிக் கழுவுங்கள். காட்டிலும் வாய்க்காலிலும் கொட்டவே கூடாது. யார் கொட்டுவது என்ற பஞ்சாயத்தைக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது வீட்டுக்காரர் இலாகா.

5. கரண்ட்

12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் ஏறத்தாழ 1200 வாட் மணி இருக்கும். 30 வாட் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் 300. விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்தாலும் ஒரு ராத்திரி தாராளமாகப் போகும். ஏ.சி. அப்படியல்ல. ஒரு கிலோவாட் இழுக்கிற ஏ.சி.யைப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் எல்லாம் அணைந்துவிடும். ஏ.சி. வேண்டுமானால் சாளையின் 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தடிமனான ஒயரில் எடுங்கள். மோட்டார் அறையிலிருந்து எடுக்காதீர்கள். விவசாயத்துக்கான இலவச இணைப்பை வேறு எதற்கும் பயன்படுத்துவது விதிமீறல்; மாட்டிக்கொள்வது தோட்டத்துக்காரர். வீட்டு மீட்டரில் எடுத்து, கிளம்பும்போது கரண்டுக்கென்று பணத்தை வற்புறுத்திக் கொடுத்துவிடுங்கள்.

6. சமையல்: ஒரே குக்கர்

சின்ன அடுப்பில் மூன்று பாத்திரம் வைக்கிற ஆசையை விட்டுவிடுங்கள். அரிசியும் பருப்பும் சாதம் இருக்கும்போது என்ன கவலை? இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு கழுவி ஊறவையுங்கள். குக்கரில் எண்ணெய் ஊற்றி கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், உப்பு, ஏழு டம்ளர் தண்ணீர். கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூன்று விசில். மேலே நெய். தொட்டுக்கொள்ள தயிர், அப்பளம். வெங்காயத்தை வீட்டிலேயே உரித்து டப்பாவில் கொண்டுபோவது என் தந்திரம்.

சமைக்கும்போது எதிரெதிர் ஜன்னல் இரண்டும் திறந்திருக்கட்டும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோரம் தேங்கும். அதற்காகத்தான் கீழே ஒரு திறப்பு வைத்திருப்பார்கள். குளிர்கிறது என்று அதைத் துணியால் அடைக்கக் கூடாது. படுக்கும் முன்பும் வண்டி எடுக்கும் முன்பும் சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

7. எப்போது, எந்தப் பாதையில்

தை, மாசி உத்தமம். பங்குனி, சித்திரையில் தகரக்கூரை தோசைக்கல் ஆகிவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உடுமலை, பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்று அங்கே நிற்கிற காற்றாலைகளே சொல்லும். ஒரு ஆடி மாதம், பக்கவாட்டில் விரித்த துணிப்பந்தலைச் சுருட்டாமல் சாப்பிட உட்கார்ந்தோம். ஒரே வீச்சில் கம்பியோடு மடங்கி ஜன்னலில் வந்து அடித்தது. பிள்ளைகள் உள்ளே இருந்தது எங்கள் நல்ல நேரம். உயரமான வண்டி என்பதால் அந்தக் காற்றில் ஓட்டுவதும் சிரமம். ஐம்பதைத் தாண்ட வேண்டாம்.

ஓட்டம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும். ஒரு இடத்தில் இரண்டு ராத்திரி. களத்தில் ஒருமுறை பழகிய பிறகு, உடுமலைப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஒருநாள் திருமூர்த்தி மலை, ஒருநாள் அமராவதி முதலைப் பண்ணை என்று பகலில் பார்த்து வரலாம்.

மலைக்கு வண்டியை ஏற்றாதீர்கள் என்பது என் கட்சி. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. நீளமான வண்டியில் பின்பக்கம் வீசுகிற வீச்சில் பிள்ளைகள் வாந்தி எடுத்துவிடுவார்கள். அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் போய் வந்தோம், பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. திம்பம் வழி போகிறவர்களுக்கு: 27 வளைவு, இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் உண்டு. நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி டிரைவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். ரயில்வே பாலத்துக்கு அடியில் நுழையும் முன்பும், புளியமரச் சாலையில் ஒதுங்கும்போதும் அது கைகொடுக்கும்.

8. கிளம்பும்போது

இது என் மகள் வேலை. நோட்டில் எழுதியதை உரக்கப் படிப்பாள், நாங்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து “ஆச்சு” என்போம். சிலிண்டர். கரண்ட் ஒயர். தண்ணீர் ஹோஸ். ஜன்னல். பந்தல். படி. அலமாரிக் கொக்கி. இந்தக் கடைசியை ஒருமுறை விட்டுவிட்டு, தாராபுரம் ரோட்டில் முதல் வேகத்தடையிலேயே ஒரு கிலோ துவரம்பருப்பு வண்டி முழுக்கச் சிதறியது. இன்னமும் மெத்தைக்கு அடியில் ஒன்றிரண்டு கிடைக்கிறது. பிள்ளைகள் இருவரும் பெல்ட் போட்டு உட்கார்ந்த பிறகுதான் என்ஜின். அதன்பின் ஒருவர் கீழே இறங்கி வண்டியைச் சுற்றி வந்து, பின்னால் நின்று சொல்லித்தான் ரிவர்ஸ்.

வீடு வந்ததும் அப்படியே போட்டுவிட்டுத் தூங்கத் தோன்றும். அன்றே தண்ணீர்த் தொட்டி இரண்டையும் காலி செய்து, கழிப்பறைப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து, குளிர்பெட்டியைத் துடைத்துக் கதவைத் திறந்தே வையுங்கள். மாவு டப்பாவை எடுத்தாகிவிட்டதா என்று இன்னொரு முறை பாருங்கள். நாங்கள் ஒருதடவை மறந்துவிட்டோம்; நான்காம் நாள் வண்டிக்காரர் போன் செய்து, “அக்கா, உள்ள என்னமோ பொங்கி வழியுதுங்க” என்றார்.