பழைய வீடு வாங்க முன் வயரிங் பார்ப்பது எப்படி? எர்த்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்

வீடு வாங்கும்போது காணி உறுதிப் பத்திரம் பார்க்க ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கிறோம். சுவரில் வெடிப்பு இருக்கிறதா, ஓடு ஒழுகுமா, கிணற்றுத் தண்ணீர் உவரா என்று நாங்களே பார்க்கிறோம். லைட் எரிந்தால் மட்டும் "கரண்ட் சரி" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். மட்டக்களப்பு கல்லடியில் கடலுக்குக் கிட்ட ஒரு பழைய வீட்டை வாங்கி, வயரிங்கில் பாதியைப் பிடுங்கி மாற்றிய பிறகு இதை எழுதுகிறேன். அட்வான்ஸ் கொடுக்க முன்னரே வீட்டுக்காரரிடம் கேட்டு, ஒரு பின்னேரம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள்.

தேவையானவை: இரண்டு முனைகளுக்கும் இடையே தொடர்பு இருந்தால் பீப் சத்தம் போடும் மல்டிமீட்டர், வீட்டின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கலுக்கு எட்டும் ஒரு நீள வயர், டோர்ச். டெஸ்டரும் (கரண்ட் பட்டால் லைட் எரியும் ஸ்க்ரூடிரைவர்) வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை முழுதாக நம்பாதீர்கள். கரண்ட் இல்லாத வயரிலும் பக்கத்து வயரின் தூண்டலால் அது மங்கலாக எரியும், செருப்பு போட்டிருந்தால் எரியாமலும் விடும்.

1. மெயின் போர்ட்

மீட்டரும் அதன் சீலும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்குரியவை, தொடக்கூடாது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் உங்கள் பொறுப்பு. போர்ட்டில் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறதா, அதில் 30 மில்லி ஆம்ப் (சிலவற்றில் 0.03 ஆம்ப்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பீங்கான் பியூஸ் மட்டும் இருந்தால் முழு போர்ட்டையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

2. வயர்

மெயினை அணைத்து, ஒரு சுவிட்சையும் ஒரு பிளக் பொயின்டையும் கழற்றிப் பாருங்கள். மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து மெயின் சுவிட்ச்சுக்கு வரும் பக்கத்தில் கரண்ட் இருக்கும், அங்கே கை வைக்க வேண்டாம். சிவப்பு, கறுப்பு, பச்சை என்றால் பழைய வயர். பிரவுன், நீலம், பச்சை-மஞ்சள் என்றால் பிந்தியது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் கலந்து கிடந்தால் யாரோ இடையிடையே ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். லைட்டுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67 என்பது வழமை (முதல் எண் இழைகள், அடுத்தது ஒரு இழையின் விட்டம் மில்லிமீட்டரில்). லைட் வயரில் பிளக் எடுத்திருந்தால் அது சூடாகும்.

எங்கள் பக்கத்தில் உப்புக் காற்று ஒரு தனிப் பிரச்சினை. திருகாணி இருக்கும் இடத்தில் செம்பு பச்சை பூத்திருக்கும். 2011 ஜனவரி வெள்ளம் போல ஒரு வெள்ளம் வீட்டுக்குள் ஏறியிருந்தால் தாழ்வான பிளக்குகளைக் கட்டாயம் திறந்து பாருங்கள். சீலிங்குக்கு மேலே எலி கடித்த இடங்களுக்கு டோர்ச் அடியுங்கள்.

3. எர்த்

ஃப்ரிட்ஜ் போன்ற சாமான்களின் உடம்பில் கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர்தான் எர்த். எனக்கு அதிக நேரம் போனது இங்கேதான்.

ட்ரிப் சுவிட்ச்சின் டெஸ்ட் பட்டனை அமத்தினால் அது விழும். விழுந்தால் எல்லாம் சரி என்று பலர் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். அந்தப் பட்டன் ட்ரிப்பின் உள் பொறிமுறையை மட்டுமே சோதிக்கிறது. வீட்டில் எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் அது விழும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மெயினை அணையுங்கள். பிளக்கில் குத்தியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். நீள வயரின் ஒரு நுனியை போர்ட்டில் எர்த் வயர்கள் சேரும் இடத்தில் கவ்வ விடுங்கள், மறு நுனியை மல்டிமீட்டரின் ஒரு முனையில் பிடியுங்கள். மற்ற முனையை ஒவ்வொரு பிளக்கின் பெரிய எர்த் ஓட்டையிலும் வையுங்கள். பீப் வர வேண்டும். வராத பொயின்டில் மூன்று ஓட்டை இருந்தாலும் எர்த் இல்லை.

அப்புறம், மெயின் அணைந்தபடியே, அதே பிளக்கில் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். இப்போது பீப் வரக்கூடாது. மெயின் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டித்துவிடுவதால் இரண்டுக்கும் தொடர்பு இருக்க நியாயமில்லை. வந்தால், எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு பிளக்குக்குள்ளேயே நியூட்ரலை எர்த்தோடு முடிந்திருக்கிறார்கள். என் வீட்டில் சமையலறையில் அப்படித்தான் இருந்தது. கடையில் விற்கும் மூன்று லைட் பிளக் டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது, "சரி" என்றே காட்டும். அதனால்தான் எனக்கு அந்தச் சாமானில் விருப்பமில்லை. இதன் ஆபத்து என்னவென்றால், ஃப்ரிட்ஜின் உடம்பில் கரண்ட் கசிந்தால் அது நியூட்ரல் வழியாகவே திரும்பிப் போகும், ட்ரிப் சுவிட்ச்சுக்கு வித்தியாசம் தெரியாது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் 230 வோல்ட்டும் ஃப்ரிட்ஜ் கதவில் நிற்கும்.

இனி வெளியே போய் எர்த் வயர் முடியும், மண்ணில் இறக்கிய எர்த் ரொட்டைப் பாருங்கள். கிளாம்ப் கறள் பிடித்து உதிர்ந்திருக்கலாம். சில பழைய வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டியிருப்பார்கள். பிறகு குழாயை பிவிசிக்கு மாற்றியபோது எர்த் போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. கடற்கரை மணலில் மேல்மண் கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்துவிடும், அதனால் மாரியில் நல்ல ரீடிங் காட்டிய ரொட் கோடையில் மோசமாகலாம். ஈரம் தொடும் ஆழத்துக்கு ரொட் இறங்க வேண்டும். சுற்றி உப்புப் போடச் சொல்வார்கள், உப்பு ரொட்டையே தின்னும்.

எர்த் நன்றாக இருந்தால் ட்ரிப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ரொட்டின் தடை 10 ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டில் 23 ஆம்ப்தான் பாயும். 32 ஆம்ப் பிரேக்கர் (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) அதற்கு அசையாது. 30 மில்லி ஆம்ப் ட்ரிப் உடனே விழும். இரண்டும் வேண்டும்.

4. மீட்டர் லைட்

மெயினைப் போட்டு, எல்லா லைட்டையும் அணைத்து, பிளக்குகள் எல்லாம் கழன்ற நிலையில் மீட்டரின் சிவப்பு லைட்டைச் சிறிது நேரம் பாருங்கள். கண் சிமிட்டினால் எங்கோ கரண்ட் போகிறது. எங்கள் ஊரில் வளவைப் பெண் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதும்போது பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு இழுத்த லைன் அப்படியே கிடப்பதுண்டு. கிணற்று மோட்டரும் அதில் சேரும்.

5. மிச்சம்

சுவிட்ச் அணைந்தும் ஹோல்டரில் கரண்ட் இருந்தால் சுவிட்ச்சை நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். மாற்றுவது சின்ன வேலை. கடைசியாக, அனுமதிப்பத்திரம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெகர் என்ற மீட்டரில் 500 வோல்ட் போட்டு இன்சுலேஷன் (வயரின் மேலுறை கரண்டைத் தடுக்கிறதா என்று) பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் எந்த லைன் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எல்இடி பல்புகளை முதலில் கழற்றாவிட்டால் ரீடிங்கும் பிழைக்கும், பல்பும் போகும்.

பின்னர் சேர்த்தது: உருண்டை முள் 5 ஆம்ப், 15 ஆம்ப் பிளக்குகள் உள்ள வீட்டில் எதை மாற்றுவது என்று காத்தான்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். இப்போது நாட்டின் நியமம் 13 ஆம்ப் சதுர முள். ஆனால் பிளக்கை மாற்ற முன் அந்த லைனின் வயர் பருமனையும் எர்த்தையும் பாருங்கள். எர்த் இல்லாத லைனில் புது 13 ஆம்ப் பிளக் பூட்டி பிரயோசனமில்லை. அடப்டர் போட்டுச் சமாளிக்கலாமா என்றும் கேட்டார். சில அடப்டர்களில் எர்த் முள் வெறும் பிளாஸ்டிக். வாங்க முன் அதையும் பீப் வைத்துப் பாருங்கள்.