காற்று வலுத்த நாளில் ஏரிப் பந்தயம்: பாய்மரப் படகோட்டிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை மாதத்தில் ஐதராபாத்தின் ஹுசைன் சாகர் ஏரியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று நன்றாக நிலைகொண்டுவிடும். நம் கடற்கரை மக்கள் கச்சான் என்று சொல்லும் அந்தப் பருவக்காற்றை நம்பித்தான் அங்கே பாய்மரப் படகுப் போட்டிகள் மழைக்காலத்தில் வைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டைச் சேர்ந்த நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் ஓட்டிய டிங்கி எனப்படும் லேசர் வகைச் சிறு பாய்மரப் படகுகள், அதாவது இப்போது ஐ.எல்.சி.ஏ. என்று அழைக்கப்படுபவை, அங்கும் ஓடுகின்றன. கடலில் நன்றாக ஓட்டிப் பழகியவர்கள்கூட இப்படிப்பட்ட ஏரியில் முதல் நாள் கவிழ்ந்துபோவது உண்டு. ஏரிக்காற்று கட்டடங்களையும் மரங்களையும் மேடுகளையும் உரசிக்கொண்டு வருவதால் ஒரே சீராக வீசுவதில்லை. 8 நாட் (மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர்) வேகத்தில் வீசிக்கொண்டிருந்தது சில நொடிகளுக்குள் 16 நாட் ஆகி, திசையும் சற்றுத் திரும்பி, மறுபடி அடங்கிவிடும். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின்மீது விழும் விசை நான்கு மடங்காகும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அந்தச் சில நொடிகளில் எவ்வளவு மாறிவிடுகிறது என்பது புரியும்.

படகு தண்ணீரைத் தொடும் முன்பே தவறுகள் தொடங்கிவிடுகின்றன. பந்தயக் குழு கொடியேற்றிவிட்டது, மற்றவர்கள் இறங்குகிறார்கள், ஆகவே நானும் இறங்குகிறேன் என்று முடிவெடுப்பது தவறு. ஓடுவதா வேண்டாமா என்ற முடிவு அந்தந்தப் படகையே சேர்ந்தது என்று உலகப் பாய்மரப் பந்தய விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. உடல் எடை குறைந்தவர்கள் பெரிய பாயைக் கட்டிக்கொண்டு இறங்குவதும் அவ்வாறே வீண் பிடிவாதம், ஐ.எல்.சி.ஏ. படகில் உடல்பகுதி ஒன்றுதான், அதில் ஏறத்தாழ 7, 5.8, 4.7 சதுர மீட்டர் என மூன்று அளவுப் பாய்களைக் கட்டலாம். கிளப் பந்தயத்தில் சிறிய பாயுடன் நிமிர்ந்தே ஓடி முடிப்பவர், பெரிய பாயுடன் மூன்று முறை கவிழ்பவரை முந்திவிடுவார். உயிர்காப்பு உடையின் வார்களை இறுக்கிக் கட்டுவதும், படகின் பின்புறத் தக்கையைத் திருகி மூடுவதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல, ஆனால் அவசரத்தில் மறக்கப்படுபவை அவைதாம்.

வேகக்காற்றை எதிர்கொள்ளும் விதம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பாயைக் கட்டுப்படுத்தும் பெரிய கயிறான மெயின்ஷீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, படகு சாயச் சாயச் சுக்கானை இன்னும் வலுவாக இழுத்துப் போராடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. சாய்ந்த படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், அதைச் சுக்கானால் தடுத்தால் படகின் ஓட்டம் நின்றுவிடும், நின்ற படகின்மீது காற்றின் முழு விசையும் இறங்கும். காற்று வருவதைத் தண்ணீரே முன்கூட்டிக் காட்டுகிறது: நீர்ப்பரப்பில் சிறு சுருக்கங்கள் நிறைந்த கருநிறத் திட்டு ஒன்று உங்களை நோக்கி ஓடிவரும். அது படகைத் தொடும் முன்பே உடலை வெளியே சாய்த்து, கயிற்றை ஒரு சாண் அளவு தளர்த்தி, படகின் முகத்தைக் காற்றுப் பக்கமாகச் சற்றே திருப்ப வேண்டும். அப்போது படகு சாயாமல் முன்னே பாயும்; பாய்ந்தபின் தளர்த்திய கயிற்றை மீண்டும் இழுத்துக்கொள்ளலாம். காற்றை எதிர்த்து ஏறும்போது இப்படி. பக்கக்காற்றில் ஓடும்போது இதற்கு மாறாகக் காற்றிலிருந்து விலகித் திரும்ப வேண்டும், கயிற்றைத் தளர்த்துவது மட்டும் இரண்டுக்கும் பொது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள், ஏனென்றால் தேவையான நொடியில் அது அவிழாது.

காற்றை முதுகில் வாங்கி ஓடும்போது பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றும் ஜைப் என்னும் செயலைப் பலர் பயந்து பயந்து செய்கிறார்கள், அந்தப் பயமே கவிழ்க்கிறது. படகு மெதுவாகும்வரை காத்திருந்து மாற்றினால், பாயில் விழும் அழுத்தம் மிகுதியாக இருக்கும் நேரத்தில் மாற்றுகிறோம் என்று பொருள். அலையின் சரிவில் படகு வேகமெடுத்து ஓடும் கணத்தில் பாய் இலேசாகிறது, அதுவே தகுந்த நேரம். பாயின் அடியில் உள்ள பூம் என்னும் தண்டு தலைக்குமேல் கடக்கும் நொடியில் குனிந்து, லேசர் படகாக இருந்தால் மெயின்ஷீட்டைச் சட்டென்று ஒரு முறை இழுத்து, அது படகின் பின்மூலையில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்து, தண்டு கடந்தவுடனே சுக்கானை நேராக்கிவிட வேண்டும். நேராக்க மறந்தால் படகு தொடர்ந்து சுழன்று காற்றுக்குக் குறுக்கே நின்று கவிழும். நம்பிக்கை இல்லாத நாளில் ஜைப்பைத் தவிர்த்து, காற்றை நோக்கிச் சுற்றித் திரும்புவதால் சில படகு நீளங்கள்தாம் இழப்பு.

தொடக்கக் கோட்டில் நடப்பவை பொதுவாகக் கணக்குப் பிழைகள். பந்தயம் தொடங்க ஐந்து நிமிடம், நான்கு நிமிடம், ஒரு நிமிடம் இருக்கும்போது ஒலி வரும்போதெல்லாம் கடிகாரத்தைச் சரிபார்க்காமல் விடுவதும், வேகக்காற்றில் படகு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கோட்டை எட்டிவிடும் என்பதை மறப்பதும் மீண்டும் மீண்டும் நடக்கின்றன. காற்று வரும் திசையில் பந்தயப் பாதையைக் குறிக்கும் மிதவையைச் சுற்றும் முன் பூம் தண்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வாங் கயிற்றைத் தளர்த்தாமல் திரும்பினால், தண்டின் நுனி நீரில் தோய்ந்து படகு சரிந்துவிடும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று, வேறொரு படகுக்கு இடையூறு செய்துவிட்டால் இரண்டு சுற்று என்று தண்டனைச் சுற்றை உடனே எடுத்துவிடுவது நேர்மையும்கூட.

கவிழ்ந்துவிட்டால் படகைவிட்டு நீந்திப் போவதுதான் ஆபத்தான தவறு, கரை எவ்வளவு அருகில் தெரிந்தாலும் சரி. இருவர் ஓட்டும் படகில் முதலில் குரல் கொடுத்து மற்றவர் இருக்கிறாரா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு கயிறுகள் எல்லாம் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகைக்கு நீந்திச் சென்று அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். தயங்கும் ஒவ்வொரு நொடியிலும் பாய்மரம் கீழே இறங்கும். ஏரிகள் பல இடங்களில் ஆழம் குறைந்தவை என்பதால் மரத்தின் நுனி சேற்றில் புதைந்துகொள்ளும். புதைந்தபின் தனியாக ஏறி நின்று முரட்டுத்தனமாக நிமிர்த்தினால் மரம் வளைந்துபோகும். மீட்புப் படகு வரும்வரை காத்திருந்து, மரம் எந்தக் கோணத்தில் இறங்கியதோ அதே கோணத்தில் மெல்ல வெளியே இழுக்கச் செய்வதே முறை. மீட்புப் படகில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஆளைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஆளின் அருகே சென்றதும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

டிங்கிகளோடு கீல் படகுகளும் ஒரே நீரில் ஓடும் கிளப்புகளில் வேறொரு வகைத் தவறு சேர்ந்துகொள்கிறது. அடியில் கீல் என்னும் கனமான தகடு இருப்பதால் அவை எளிதில் கவிழ்வதில்லை, ஆகவே அதில் இருப்பவர்கள் பாயைச் சுருக்கத் தாமதிக்கிறார்கள். அதிகமாகச் சாய்ந்த கீல் படகில் சுக்கானின் பெரும்பகுதி நீரைவிட்டு வெளியே வந்துவிடும், அப்போது படகு யார் சொல்லையும் கேட்காமல் காற்றை நோக்கிச் சுழன்று பக்கத்துப் படகின்மீது போய் நிற்கும். வலப்புறம் காற்று வாங்கும் படகுக்கு இடப்புறம் காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும் என்ற விதியில் சிறியது பெரியது என்ற பேதம் இல்லைதான். ஆயினும், பல நூறு கிலோ எடையுள்ள ஒன்று நினைத்த இடத்தில் நிற்காது என்பதால், உரிமை உங்களுடையதே ஆனாலும் அதன் மூக்குக்கு முன்னால் திடீரென்று திரும்பாதீர்கள். துறையில் அணையும்போது இடைவெளியில் காலையோ கையையோ நீட்டித் தடுக்க முயல்வதும் கூடாது.

ஹுசைன் சாகரில் மேல்காற்றின்போது எல்லாமே கிழக்கே டேங்க் பண்ட் கரையை நோக்கித்தான் தள்ளப்படும். அந்தக் கரைக்கு மிக அருகே போய்த் திரும்ப நினைப்பவர், ஆகாயத்தாமரை சிக்கிய நடுப்பலகையோடு திரும்ப முடியாமல் நிற்க நேரிடும். பந்தயங்களுக்கு இடையே பலகையையும் சுக்கானையும் ஒரு முறை உயர்த்திப் பார்த்துக் களையை எடுத்துவிடுங்கள். கரையேறியதும் படகின் முகத்தைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்திய பிறகே பாயைக் கழற்ற வேண்டும். கடைசியாகப் பின்புறத் தக்கையைத் திறந்து படகைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு குவளைக்கு மேல் நீர் வடிந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது, அதை அடைக்காமல் அடுத்த வாரம் அந்தப் படகை இறக்கக் கூடாது.