கிராங்க் சென்சாரை செட் செய்து இக்னிஷன் டைமிங்கை மெய்யாக்குவது எப்படி

லேப்டாப் திரையில் 10 டிகிரி என்று தெரிந்தால் ஸ்பார்க்கும் 10 டிகிரியில்தான் விழுகிறது என்று நம்பிவிடாதீர்கள். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று ஈசியூவுக்குத் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு) தெரியாது; கிராங்க்கோடு சுற்றும் டிரிகர் வீலின் பற்கள் சென்சாரைக் கடப்பதும், நடுவில் பல் இல்லாத இடைவெளி வருவதும்தான் அதற்குத் தெரியும். அந்த இடைவெளிக்கும் முதல் சிலிண்டரின் டிடிசிக்கும் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கும்) எத்தனை டிகிரி என்று நாம் சொல்வதுதான் ஆஃப்செட்.

அதனால் முதலில் உண்மையான டிடிசியைப் பிடிக்க வேண்டும். புல்லியில் இருக்கும் குறி போதாது, நடுவே ரப்பர் உள்ள புல்லி என்றால் வெளி வளையம் நழுவியிருக்கலாம். பிளக் துளையில் குச்சி விட்டுப் பார்ப்பதும் சரிவராது, ஏனென்றால் உச்சியில் கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவது கண்ணுக்கே தெரியாது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, முதல் சிலிண்டரின் பிளக் துளையில், பிஸ்டனை உச்சிக்கு முன்பே தடுத்து நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகுங்கள். கையால் மெதுவாக ஒரு பக்கம் முட்டும்வரை சுற்றி ஒரு குறி, மறுபக்கம் முட்டும்வரை சுற்றி இன்னொரு குறி; இரண்டுக்கும் இடையே பிஸ்டனால் கடக்க முடியாத அந்தச் சின்ன வில்லின் நடுதான் டிடிசி. குறித்ததும் ஸ்டாப்பை வெளியே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் வீல். 36-1 (36 பல் இடத்தில் ஒன்று இல்லாதது) என்றால் பல்லுக்குப் பல் 10 டிகிரி, 60-2 என்றால் 6 டிகிரி. ஹால் சென்சார் என்றால் புல்-அப் (சிக்னல் வயருக்கு வோல்டேஜ் கொடுக்கும் ரெசிஸ்டர்) இருக்கிறதா என்று பாருங்கள். காந்தமும் சுருளும் கொண்ட இரண்டு வயர் விஆர் சென்சாரில்தான் தொல்லை அதிகம்: வயர்கள் மாறிப்போனாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடலாம், ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நகரும், இடைவெளி வரும் இடத்தில் சிங்க் (கிராங்க் எங்கே இருக்கிறது என்ற ஈசியூவின் கணக்கு) தவறும். ஷீல்டு உள்ள வயரையே போட்டு, ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்து, காயில் வயர்களிடமிருந்து தள்ளியே கொண்டுபோங்கள்.

பேட்டரியை மறுபடி இணைத்து, இன்ஜெக்டர்களை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆர்பிஎம் நிலையாகத் தெரிகிறது, சிங்க் இழப்பு இல்லை என்றால் பிளக்கை மாட்டி இன்ஜினை ஓட விடலாம்.

இப்போது ஈசியூவில் டைமிங்கை 10 டிகிரியில் ஃபிக்ஸ் செய்து, டைமிங் லைட்டை (ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னும் விளக்கை) முதல் சிலிண்டர் வயரில் மாட்டுங்கள். லைட்டில் 14 தெரிந்தால் ஆஃப்செட்டை 4 டிகிரி மாற்றுங்கள். கூட்டுவதா கழிப்பதா என்பது ஈசியூவுக்கு ஈசியூ வேறுபடும், லைட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பார்க் விழும் வேஸ்டட் ஸ்பார்க்கில் டயல் உள்ள லைட் இரட்டிப்பாகக் காட்டக்கூடும் என்பதால் டயலைப் பூஜ்ஜியத்தில் வைத்து, புல்லியில் குறித்த டிகிரியையே படியுங்கள்.

ஐடிலில் பொருந்தியதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. 3000, 4000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோங்கள், குறி அசையாமல் நிற்க வேண்டும். ரிடார்ட் (ஸ்பார்க் தாமதமாகும்) பக்கம் நகர்ந்தால் ஆஃப்செட்டைத் தொடாதீர்கள். விஆர் வயர்கள் மாறியிருக்கின்றனவா, ஈசியூவின் டிரிகர் தாமத செட்டிங் சரியா என்று பாருங்கள்.

கேம் சென்சாரின் வேலை, 720 டிகிரியில், அதாவது கிராங்க்கின் இரண்டு சுற்றில், இது எந்தச் சுற்று என்று சொல்வது மட்டும். அதன் சிக்னல் பல் இல்லாத இடைவெளிக்கு மிக அருகில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டைமிங் செயின் கொஞ்சம் தளர்ந்தாலே சுற்று மாறிவிடும். எல்லாம் முடிந்ததும் ஃபிக்ஸ்டு டைமிங்கை எடுத்துவிட்டு, ஈசியூவில் சேவ் செய்த பிறகே வண்டியை எடுங்கள்.