பாட்டி சேலையில குயில்ட் (துணித் துண்டுங்கள சேத்து தைக்கிற போர்வை) தைக்க எந்த டிசைன் எடுக்கலாம்?

பாட்டியோட சேலைய வெட்டணும்னாலே கை வராது, அதனால முதல்ல எல்லாத்தையும் தரையில விரிச்சுப் போட்டு சேலையில இருக்கிற புள்ளி, கட்டம், பூ எவ்ளோ பெருசுன்னு பாருங்க. சுங்குடில புள்ளி சின்னது, 3 இஞ்ச் சதுரமா வெட்டினாலும் அழகு கெடாது, ஆனா பெரிய கட்டம், பெரிய பூன்னா 8, 10 இஞ்ச் துண்டா விட்டாத்தான் என்னன்னே தெரியும். முக்கோணம் நிறைய வர்ற பேட்டர்ன் வேணாம்ங்க, ஒவ்வொரு ஓரத்துலயும் கால் இஞ்ச் தையலுக்கே போயிடும், அருமையான துணி வீணாகும். பார்டர நீளப் பட்டையா வெட்டி ஒரு சின்ன சதுரத்த சுத்திச் சுத்தி தைக்கிற லாக் கேபின் போட்டா சூப்பரா வரும் (முந்தானைய மட்டும் துண்டு போடாதீங்க, நடுவுல முழுசா இருக்கட்டும்). ஈர வெள்ளைத் துணிய வச்சு தேய்ச்சு சாயம் போகுதான்னும் பாத்துட்டு, ஏதாவது வேண்டாத துணியில ஒரே ஒரு பிளாக் (குயில்ட்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு சதுரம்) தைச்சுப் பாருங்க.